படைவீரரின் மாண்பும் முறையீட்டின் வழியும்: புதுச்சேரி வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

கட்டளைக்குக் கீழ்ப்படிவதையே உயிர்நாடியாகக் கொண்ட ஓர் அமைப்பில், கீழ்ப்படிகிறவரின் உடலுக்கும் மனத்துக்கும் மாண்புக்கும் யார் பொறுப்பு என்னும் கேள்வி நிலையான படைகள் தோன்றிய காலந்தொட்டு எழுந்துவருகிறது. போர்க்களத்தில் எதிரியால் நேரும் ஆபத்தைப் படைவீரர் தெரிந்தே ஏற்கிறார். ஆனால் சம்பளம் வராமை, இழிசொல், அடி, மத உணர்வைப் புண்படுத்தும் ஆணை, பாலியல் துன்புறுத்தல், மறுக்கப்படும் விடுப்பு ஆகியவை எதிரியிடமிருந்து வருவதில்லை. அவர் யாருக்காக உயிர் கொடுக்க வந்தாரோ அந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. இவ்வகைத் தீங்குகளைத் தடுப்பதற்கு நல்ல மனம் படைத்த மேலதிகாரிகள் மட்டும் போதுமா, அல்லது அவர்களைத் தாண்டியும் முறையிடுவதற்குச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைக்க வேண்டுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் சிக்கல்.

இச்சிக்கலை ஆராய்வதற்குப் புதுச்சேரி பொருத்தமான களம். தென்னிந்தியாவில் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிப்பாய்கள் தொடக்கத்திலேயே உருவான இடங்களுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் பிரெஞ்சுப் படையிலும் விடுதலைக்குப்பின் இந்தியப் படையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் அருகருகே வாழும் நகரமாகவும் இது விளங்குகிறது. இரு நாடுகளின் சட்ட மரபுகளும் ஒரே தெருவில் சந்திப்பதால், எந்த ஏற்பாடு படைவீரருக்குப் பாதுகாப்பளித்தது, எது அளிக்கவில்லை என்பதை இங்கிருந்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

சம்பளம் இல்லாத படை: 1759

துய்மா ஆளுநராக இருந்த 1735–1741 காலத்திலும், 1742 முதல் 1754 வரை ஆண்ட துய்ப்ளெக்ஸ் காலத்திலும், உள்ளூர் வீரர்களைச் சேர்த்து ஐரோப்பிய ஒழுங்கில் பழக்கும் வழக்கம் புதுச்சேரியில் வலுப்பெற்றது. 1746-ஆம் ஆண்டு அடையாற்றங்கரையில் பரதி என்னும் தளபதியின் கீழ் சில நூறு பிரெஞ்சுக்காரரும் சிப்பாய்களும் சேர்ந்து, தம்மைவிடப் பன்மடங்கு பெரிதான ஆர்க்காட்டு நவாபின் படையைச் சிதறடித்தனர். ஒழுங்கும் பயிற்சியும் எண்ணிக்கையை வெல்லும் என்பதற்கு அன்று முதல் அந்தப் போர் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த ஒழுங்கு எதன்மீது நின்றது என்பதைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் நடந்த மற்றொரு நிகழ்ச்சி காட்டுகிறது.

1758 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்திறங்கிய பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி, வண்டி மாடுகளும் சுமையாள்களும் போதாத நிலையில், நகரவாசிகளைச் சாதி, தொழில் பாராமல் பிடித்துப் படையின் சுமைகளைத் தூக்க வைத்தார். போருக்கு ஆள் தேவை என்பது உண்மையே. எனினும் மக்கள் தங்கள் மதிப்பாகக் கருதியவற்றைப் பொருட்படுத்தாத அந்தச் செயல், ஊரின் ஒத்துழைப்பை அவர் இழப்பதற்குக் காரணமாயிற்று. அவர் நடத்திய சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தபின் கருவூலம் வற்றியது. வீரர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையாய் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் வந்தவாசிப் பகுதியில் தங்கியிருந்த ஐரோப்பியப் படையினரே கலகத்தில் இறங்கினர். அவர்கள் தங்கள் அதிகாரிகளை விட்டு விலகி, சார்ஜெண்டு நிலையிலிருந்த ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டு, நிலுவையைக் கொடுத்தால்தான் திரும்புவோம் என்று அறிவித்தனர். புதுச்சேரியில் இருந்த பணத்தைத் திரட்டி, ஆறு மாதச் சம்பளம் கொடுத்து, மன்னிப்பும் உறுதி செய்த பின்னரே அவர்கள் திரும்பினர்.

அந்தக் கலகம் அடங்கிய மூன்றே மாதங்களில், 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. கோட்டையும் நகரமும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. தோல்விக்குக் கடற்படை உதவியின்மை, தலைவர்களிடையே பகை எனப் பல காரணங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆயினும் இந்த ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்று இதில் தெளிவாக உள்ளது: சம்பளம் வராத வீரர் தம் குறையை முறைப்படி எடுத்துச்சொல்லவும் தீர்வு கேட்கவும் அன்று ஓர் அமைப்பு இல்லை, ஆகவே, கலகமே அவருக்குக் கிடைத்த ஒரே மனுவாயிற்று.

தலைப்பாகையும் காலணியும்: 1806, 1873

ஊதியத்தைப் போலவே மதிப்பும் படையின் அடித்தளம் என்பதை அரை நூற்றாண்டுக்குப்பின் வேலூர் காட்டியது. சென்னை மாகாணப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் காலத்தில், 1805 நவம்பரில் புதிய தலைப்பாகை ஒன்று அறிமுகமாயிற்று. தோலால் ஆன பட்டயம் பொருத்திய அது ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. அடுத்து வந்த விதிகள், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் அணியக்கூடாது, அணிவகுப்புக்குத் தாடியை மழித்து வரவேண்டும் என்று கட்டளையிட்டன. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர இவற்றைத் தம் சமயத்தின்மீது கைவைக்கும் முயற்சியாகக் கண்டனர். 1806 மே மாதம் வேலூரிலிருந்த ஒரு படைப்பிரிவினர் அத்தலைப்பாகையை மறுத்தபோது, காரணத்தை விசாரிப்பதற்குப் பதிலாக ராணுவ நீதிமன்றம் கூடியது. இருவருக்குத் தலா 900 கசையடியும் பணிநீக்கமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டதால் அவர்களுக்குரிய கசையடி தள்ளுபடி செய்யப்பட்டது.

இதற்குப்பின் நிகழ்ந்தது இன்னும் நுணுகிப் பார்க்கத் தக்கது. 1806 ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கோட்டைக்குள் சதி ஒன்று உருவாகி வருவதாகத் தம் அதிகாரி கர்னல் ஃபோர்ப்சிடம் நேரில் சென்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை ஆராயும் பொறுப்பு அதே படைப்பிரிவின் இந்திய அதிகாரிகள் அடங்கிய குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. சதியில் தொடர்புடையோரும் இடம்பெற்றிருந்த அக்குழு, சொன்னவருக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது என்று அறிக்கை தந்தது. முஸ்தபா பேக் சிறையில் அடைக்கப்பட்டார். 1806 ஜூலை 10 அதிகாலையில் கலகம் வெடித்தது. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து கோட்டையை மீட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். முஸ்தபா பேக்குக்குப் பின்னர் அரசு வெகுமதி அளித்தது என்றாலும், அவர் சொன்னதை உரிய காலத்தில் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் வேலூரில் சிறை வைக்கப்பட்டிருந்ததும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிமீது இருந்த அரசியல் வெறுப்பும் கலகத்துக்குக் காரணமாயின என்பதை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றோடு சேர்த்து இரண்டு நிர்வாகப் பிழைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்: முதலாவது, குறையைச் சொன்னவரைக் குற்றவாளியாக்கியது, இரண்டாவது, எச்சரிக்கையை விசாரிக்கும் பொறுப்பை அவ்விசாரணையால் பாதிக்கப்படக் கூடியவர்களிடமே கொடுத்தது. புதிய தலைப்பாகை கைவிடப்பட்டது. கிரடாக்கும் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807-இல் திரும்ப அழைக்கப்பட்டனர். அதே பெண்டிங், பின்னாளில் தலைமை ஆளுநராக இருந்தபோது, 1835-இல் இந்தியப் படையில் கசையடியை ஒழித்தார் என்பதும், பத்தாண்டுகளில் 1845-இல் ஹார்டிஞ் அதை மீண்டும் கொண்டுவந்தார் என்பதும் வரலாற்றில் பதிவானவை. ஓர் ஆட்சியாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் வரும் சீர்திருத்தம் அடுத்தவர் காலத்தில் கலைந்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வேலூரில் தலைக்கு அணிவது பற்றி எழுந்த பூசல் குருதியில் முடிந்தது. புதுச்சேரியில் காலுக்கு அணிவது பற்றி எழுந்த பூசல் நீதிமன்றத்தில் முடிந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தபோது, இந்தியர் அவ்வாறு வருவது அவமதிப்பு என்று தடுக்கப்பட்டார். அவர் அத்தடையை ஏற்காமல் பாரீசிலிருந்த உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். அவர் படைவீரர் அல்லர். எனினும் ஆட்சி அதிகாரத்தின் முன் ஓர் இந்தியரின் மதிப்பு எது என்னும் கேள்வியே இரண்டு நிகழ்ச்சிகளிலும் நின்றது. வேலூர்ச் சிப்பாய்க்கு அவருடைய அதிகாரியைத் தாண்டி ஒரு வாசல் இல்லை. புதுச்சேரி வழக்கறிஞருக்கு, தடுத்த நீதிபதியைத் தாண்டியும் ஒரு வாசல் இருந்தது. முடிவுகள் வேறுபட்டதற்கு இதுவே தலையாய காரணம்.

சொல்தாக்களின் நகரம்

பொன்னுத்தம்பிப் பிள்ளையின் இயக்கத்தோடு தொடர்புடையதே 1881 செப்டம்பர் 21 நாளிட்ட பிரெஞ்சு அரசாணை. தம் சாதி, சமய வழக்கங்களின் அடிப்படையிலான தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள அந்த ஆணை பிரெஞ்சிந்தியருக்கு வழி செய்தது. அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டனர். பொன்னுத்தம்பிப் பிள்ளையே 'லப்போர்த்' என்னும் பெயரை ஏற்றார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் கணிசமாக இவ்வழியை நாடினர். குடியுரிமையோடு சமத்துவமும் வரும் என்பது அவர்களின் நம்பிக்கை. கொச்சின்சீனா என்று அழைக்கப்பட்ட தெற்கு வியட்நாமின் நிர்வாகத்திலும் காவல் பணிகளிலும், பின்னர் பிரெஞ்சுப் படையிலும், புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தனர். அங்கே, பிரெஞ்சுக் குடிமகனுக்குரிய ஊதியமும் தகுதிநிலையும் ஒரு தமிழருக்கும் உண்டா என்னும் வழக்கு அவர்கள் விடாது நடத்திய போராட்டமாக இருந்தது.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் சென்று உயிர்நீத்தவர்களுக்காகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938-இல் திறக்கப்பட்ட போர் நினைவிடம் இன்றும் நிற்கிறது. ஜூலை 14, நவம்பர் 11 ஆகிய நாள்களில் அங்கே மலரஞ்சலி செலுத்தப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தோசீனப் போரிலும் அல்ஜீரியப் போரிலும் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியவர்களை நகர மக்கள் 'சொல்தா' என்று அழைத்தனர். ஓய்வு பெற்ற வீரர்கள் கூடுவதற்கான 'ஃபுவாயே துய் சொல்தா' என்னும் மன்றமும் நகரில் உண்டு. பணிக்காலம் முடிந்தபின் வரும் தனிமையைப் போக்கவும், ஓய்வூதியப் படிவம் நிரப்புவது முதல் நோய்நொடியில் துணை நிற்பது வரை ஒருவருக்கொருவர் உதவவும் இத்தகைய மன்றங்கள் பயன்படுகின்றன. படைவீரர் நலன் என்பது பாசறையின் வாயிலோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இவை நினைவூட்டுகின்றன.

ஆனால் சமமாகக் குருதி சிந்தியவர்களுக்குச் சமமான ஓய்வூதியம் கிடைத்ததா என்பது வேறு கதை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாலன்றி, இந்தியக் குடிமக்கள் ஆவர் என்பது அதன் விதி. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். இதற்குச் சற்று முன், 1959 டிசம்பர் 26 நாளிட்ட பிரெஞ்சு நிதிச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பிரெஞ்சு ஒன்றியத்தைச் சேர்ந்திருந்து பின்னர் பிரிந்த நாடுகளின் குடிமக்களுடைய படை ஓய்வூதியத்தை, விலைவாசிக்கேற்ப உயராதபடி அன்றைய அளவிலேயே உறையவைத்தது. ஒரே படையில், ஒரே போரில் நின்ற இருவரில், குடியுரிமையின் பெயரால் ஒருவரது ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்ந்தது, மற்றவருடையது தேய்ந்தது.

இந்த அநீதியைத் திருத்தியவை தளபதிகளின் கருணையோ அரசின் தாராளமோ அல்ல, வழக்குகளே. செனகல் நாட்டு முன்னாள் படைவீரர் ஒருவரின் வழக்கில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2001 நவம்பர் 30 அன்று இந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007-ஆம் ஆண்டுக்கான நிதிச் சட்டம், ஊனமுற்ற வீரர் ஓய்வூதியத்தையும் போர்வீரர் உதவித்தொகையையும் சமப்படுத்தியது. அல்ஜீரியக் குடும்பம் ஒன்று தொடுத்த வழக்கில், 2010 மே 28 அன்று அரசமைப்பு மன்றம் எஞ்சிய பாகுபாட்டையும் சமத்துவக் கொள்கைக்கு முரணானது என்று அறிவித்தது. குடிமகன் ஒருவர் தம் வழக்கின் நடுவிலேயே ஒரு சட்டம் அரசமைப்புக்கு ஒத்ததா என்று கேட்கும் உரிமை பிரான்சில் அவ்வாண்டு மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமையின்கீழ் பிறந்த முதல் தீர்ப்பே முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் பற்றியது. உறையவைத்த நாளிலிருந்து அரை நூற்றாண்டு கழிந்து வந்த அந்த நீதியைக் காண, அதற்கு உரியவர்களில் பலர் உயிரோடு இல்லை.

தல்வார் தந்த பாடமும் இன்றைய சட்டமும்

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்னும் கடற்படைத் தகவல்தொடர்புப் பயிற்சி நிலையத்தில் தொடங்கிய மாலுமிகளின் வேலைநிறுத்தம், சில நாள்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும் கரையோர நிலையங்களுக்கும் பரவியது. விடுதலை உணர்வு அதன் பெரும் உந்துசக்தி. எனினும் அதைப் பற்றவைத்தது மோசமான உணவும், இந்திய மாலுமிக்கும் ஆங்கிலேய மாலுமிக்கும் இடையிலான ஊதிய வேறுபாடும், நிலையத் தலைவர் கிங் பயன்படுத்திய இழிசொற்களும் ஆகும். அந்த இழிசொற்களைப் பற்றி மாலுமிகள் முதலில் முறைப்படி எழுத்தில் முறையிட்டனர். அம்முறையீடு, அதிகார அடுக்கின் வழக்கப்படி, யார்மீது முறையிட்டார்களோ அந்தக் கிங்கிடமே போய்ச் சேர்ந்தது. பொய்ப்புகார் கொடுப்பது குற்றம் என்ற எச்சரிக்கையே மறுமொழியாகத் திரும்பி வந்தது. வேலூரில் நடந்ததே நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப்பின் பம்பாயிலும் நடந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவின் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் இந்தப் பட்டறிவைப் புறக்கணித்துவிடவில்லை. அதன் 47-ஆம் பிரிவு, தமக்குக் கீழ் நிலையில் உள்ளவரை அடிக்கும் அல்லது வேறுவகையில் கொடுமைப்படுத்தும் மேல்நிலையினருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை வகுக்கிறது. 45-ஆம் பிரிவு பதவிக்குத் தகாத நடத்தையையும், 46-ஆம் பிரிவு கொடூரமான அல்லது அநாகரிகமான இழிசெயலையும் குற்றமாக்குகின்றன. 26, 27 ஆகிய பிரிவுகள் குறையுற்ற வீரரும் அதிகாரியும் மேல்நிலையினரிடம் முறையிட உரிமை தருகின்றன. மறுபுறம், படைவீரரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அரசமைப்பின் 33-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதன் வழியே, இசைவின்றிப் பத்திரிகைக்குச் செய்தி தருவதும் சங்கம் சேர்வதும் தடுக்கப்பட்டுள்ளன. வெளியே பேச முடியாதவருக்கு உள்ளே பேசும் வழி வலுவாக இருந்தாக வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

அந்த உள்வழியின் போதாமையை உச்ச நீதிமன்றமே 1982-இல் பிரித்திபால் சிங் பேடி வழக்கில் எடுத்துக்காட்டியது. ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துச் சாட்சியங்களை மறுஆய்வு செய்யும் ஒரு மேல்முறையீடுகூட இல்லை என்பதைப் பெருங்குறையாக அது சுட்டியது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2007-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. 2009-இல் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது. புதுச்சேரியைச் சேர்ந்த படைவீரர்கள் அதன் சென்னை அமர்வை நாடலாம். ஓய்வூதியம், பதவி உயர்வு, பணிநீக்கம், ராணுவ நீதிமன்றத் தண்டனை ஆகியவற்றில் இது பெரும் முன்னேற்றம். எனினும் அச்சட்டம் 'பணி தொடர்பான பொருள்' என்பதை வரையறுக்கும்போது, இடமாற்றம், எந்த வகையான விடுப்பும், பணிநீக்கத்திலோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையிலோ முடியாத சுருக்கமுறை ராணுவ நீதிமன்ற வழக்குகள் ஆகியவற்றை வெளியே நிறுத்திவிடுகிறது.

இந்த விலக்கின் பொருளை ஊன்றிப் பார்க்க வேண்டும். தாய்க்கு அறுவைச் சிகிச்சை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, பங்காளிகளோடு நிலத்தகராறு என்று ஊரில் நிகழ்பவற்றைத் தொலைபேசியில் மட்டும் கேட்டுக்கொண்டு, எல்லைப்புறத்தில் காவல் நிற்கும் ஒரு ஜவானுக்கு விடுப்பே எல்லாவற்றினும் பெரிய தேவை. அதை மறுத்ததற்கான காரணம் நியாயமானதா, காழ்ப்பால் வந்ததா என்று அதிகார அடுக்குக்கு வெளியே கேட்கும் வாசலை இச்சட்டம் அவருக்குத் திறக்கவில்லை. போர்க்காலத்தில் விடுப்பை நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அமைதிக்காலத்தில், மறுப்புக்கு எழுத்தில் காரணம் தருவதும், வேறொரு படைப்பிரிவின் அதிகாரி அதை மறுபரிசீலனை செய்வதும் போர்த்திறனைக் குறைத்துவிடாது.

அதிகாரிகளின் வீட்டு வேலைகளில் உதவியாளர்களான 'சகாயக்'குகளைப் பயன்படுத்தும் முறையைக் கைவிடுமாறு பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008-இலேயே பரிந்துரைத்தது. 2017 ஜனவரியில் வீரர்கள் சிலர் உணவு பற்றியும் இம்முறை பற்றியும் தங்கள் கைப்பேசிகளில் பதிவுசெய்த காணொளிகள் நாடெங்கும் பரவியபோது, தலைமைத் தளபதி குறைகேட்புப் பெட்டிகளை அறிவித்தார். உள்ளே திறந்திருக்க வேண்டிய வாசல் அடைபட்டால் குரல் வேறு வழியில் வெளியே வரும் என்பதற்கு அக்காணொளிகள் அண்மைக்காலச் சான்று.

பெண்கள் வந்தபின்

இந்தியத் தரைப்படை, செவிலியர், மருத்துவர் அல்லாத பிரிவுகளில் 1992 முதல் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. அவர்களுக்கான பயிற்சி சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி நிறுவனத்தில் நடந்தது. குறுகிய காலப் பணியோடு அவர்களை நிறுத்திவிடும் நடைமுறையை எதிர்த்த வழக்கில், கிராமப்புறப் பின்னணி கொண்ட ஆண் வீரர்கள் பெண்களின் தலைமையை ஏற்க மனம் பழகாதவர்கள் என்னும் வாதத்தை அரசு முன்வைத்தது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, பெண்களுக்கும் நிரந்தரப் பணி வழங்க ஆணையிட்டது. 2021 மார்ச் 25 அன்று வந்த அடுத்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது: ஆண்களை இருபத்தைந்து முப்பது வயதில் சோதித்த அதே உடல்தகுதி அளவுகோலைப் பெண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் பயன்படுத்துவது, வெளிப்பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும் விளைவில் பாகுபாடே என்று அது விளக்கியது. திருமணம் செய்துகொண்டதற்காக 1988-இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ராணுவச் செவிலியர் ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. முப்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற நீதி அது.

பதவியில் சமத்துவம் கிடைப்பதோடு பாதுகாப்பும் உறுதியாக வேண்டும். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மூத்த பெண் அலுவலர் ஒருவரின் தலைமையில், பாதிப்பேரேனும் பெண்களாகவும், ஒருவர் வெளியாராகவும் அமைந்த உள்ளகக் குழு தொண்ணூறு நாள்களில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. இதில் வெளியார் ஒருவர் இடம்பெறுவதே முதன்மையான காப்பு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கையிலேயே புகார்தாரரின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் விடுப்பும் இடமாற்றமும் இருக்கும் அமைப்பில், அந்த அதிகாரத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் குழுவில் இருந்தால்தான் விசாரணைக்கு நம்பகத்தன்மை வரும்.

பிரான்ஸ் இதைத் தாமதமாக உணர்ந்தது. பிரெஞ்சுப் படைகளில் நிகழ்ந்த பாலியல் வன்முறைகளை ஆராய்ந்து இரண்டு பெண் பத்திரிகையாளர்கள் 2014-இல் வெளியிட்ட நூல் எழுப்பிய அதிர்ச்சிக்குப் பின், அவ்வாண்டே பாதுகாப்பு அமைச்சகம் 'தெமிஸ்' என்னும் பிரிவை அமைத்தது. பாதிக்கப்பட்டவர் தம் மேலதிகாரி வழியாகச் செல்லாமல் நேரடியாக அப்பிரிவை அணுகலாம். அமெரிக்காவில், 2020-இல் டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் ஹூட் முகாமில் இளம் வீராங்கனை ஒருவர் கொல்லப்பட்டபின் அமைந்த சுதந்திரக் குழு, துன்புறுத்தலைப் பொறுத்துக்கொள்ளும் சூழலை அங்கிருந்த தலைமை வளரவிட்டிருந்தது என்று கண்டறிந்தது. அதைத் தொடர்ந்து, பாலியல் வன்முறை போன்ற கடுங்குற்றங்களில் வழக்குத் தொடரும் முடிவு, 2023 டிசம்பர் 28 முதல், படைப்பிரிவுத் தளபதிகளிடமிருந்து எடுக்கப்பட்டுத் தனி வழக்குரைஞர்களிடம் தரப்பட்டது. உலகின் மிக வலிமை வாய்ந்த படையே தளபதியின் கையிலிருந்த அந்த அதிகாரத்தைப் பிரித்தெடுத்தது. அதனால் அதன் ஒழுங்கு குலைந்துவிடவில்லை.

மனநலம்

உடற்காயத்துக்குப் பதக்கம் உண்டு. மனக்காயத்துக்கு இன்னும் பல படைகளில் கிடைப்பது ஏளனமே. தூக்கமின்மை, அடக்க முடியாத கோபம், மது, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை வெளியே சொன்னால் மருத்துவத் தகுதி குறையும், ஆயுதம் பறிக்கப்படும், பதவி உயர்வு தடைபடும் என்னும் அச்சத்தால் வீரர்கள் அவற்றை மறைக்கின்றனர். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைத் திட்டத்தில், படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்குமான தனிப்பிரிவு 2023 டிசம்பர் 1 அன்று புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் திறக்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசி உதவி பெறலாம். தம் பெயரும் படைப்பிரிவும் மேலதிகாரிக்குப் போகாது என்ற நம்பிக்கை வேரூன்றினால்தான் இத்தகைய திட்டம் பயன் தரும். ஆகவே இங்கும், அதிகார அடுக்குக்கு வெளியே ஒரு வழி இருப்பதே முதல் மருந்து.

முடிவுரை

இந்த இரண்டரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. 1759-இல் வந்தவாசியிலும், 1806-இல் வேலூரிலும், 1946-இல் பம்பாயிலும், குறையைக் கேட்க, அக்குறைக்குக் காரணமானவர்களைத் தாண்டி ஒரு மன்றம் இல்லை. மூன்று இடங்களிலும் கலகம் மூண்டது. 1873-ஆம் ஆண்டுப் புதுச்சேரி வழக்கிலும், 2010-இல் பாரீசிலும், 2020-இல் புதுதில்லியிலும், காரணமானவர்களைத் தாண்டிய ஒரு மன்றம் குறையைக் கேட்டது. மூன்றிலும் ஒழுங்கு குலையாமல் நீதி கிடைத்தது. முறையீட்டுக்கு வழிவிட்டால் கட்டுப்பாடு தளரும் என்னும் வாதத்துக்கு இந்த வரலாற்றில் சான்று இல்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை நான்கு. விடுப்பு மறுப்புக்கும் பழிவாங்கும் இடமாற்றத்துக்கும் எதிராக, படைப்பிரிவுக்கு வெளியே ஒரு மறுஆய்வு அமைப்பு வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிப்பவர் எவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கட்டளைக்கோ மதிப்பீட்டுக்கோ உட்பட்டவராக இருத்தல் கூடாது. நல்ல நோக்கத்தோடு முறையிட்டவர், புகார் மெய்ப்பிக்கப்படாத ஒரே காரணத்தால் தண்டிக்கப்படலாகாது. ஓய்வு பெற்றவருக்கும் அவர் மனைவிக்கும் உரிய ஓய்வூதியம், வழக்குத் தொடுக்காமலே, உரிய காலத்தில் வந்து சேர வேண்டும். புதுச்சேரி, தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் இந்த நான்கையும் ஒரே குரலில் எழுப்பினால், 2007-ஆம் ஆண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தைத் திருத்துவது கடினமன்று. ஒரு படையின் வலிமையை அதன் ஆயுதங்களைக் கொண்டு அளப்பது போலவே, அதன் கடைநிலை வீரர் அச்சமின்றி முறையிட முடிகிறதா என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.